பாட்டிம்மா இல்லாத இருபது நிமிடம்

என் அக்கா நடுரோட்டில் காரை நிறுத்திவிட்டு, பக்கத்து சீட்டில் இருந்த இன்ஸ்பெக்டரைப் பார்த்து, "யாருக்குய்யா பாட்டி?" என்று கேட்டபோது பின்னால் எழுநூறு வண்டிகள் நின்றன. எழுநூறு என்பது என் கணக்கு. அக்கா ஏழு என்கிறாள். அவள் எதையும் குறைத்துத்தான் சொல்வாள், வயதைத் தவிர. எழுபதை எழுபது என்றே சொல்வாள். ஆனால் அதை அடுத்தவர் சொல்லக்கூடாது.

நான் எதிர்ப்புற டீக்கடை வாசலில் நின்று இந்தக் கண்கொள்ளாக் காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கையிலிருந்த டீ ஆறிப்போனது. டீக்கடைக்காரர் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டார்.

அது ஓட்டுநர் உரிமத்துக்கான தேர்வு. எழுபது முடிந்தவர்கள் மறுபடி ரோட்டில் ஓட்டிக் காட்டினால்தான் உரிமத்தைப் புதுப்பிப்பார்கள். மூன்று வாய்ப்பு தருவார்கள். மூன்றும் போனால் அவ்வளவுதான், ஜென்மத்துக்கும் கிடையாது. முதல் தடவை இன்ஸ்பெக்டர், "பயப்படாம மெதுவாப் போங்க பாட்டிம்மா" என்றாராம். மெதுவாகவா, நானா, என்று அக்கா ஒரு மிதி மிதித்ததில், 'நிற்கவும்' என்று எழுதியிருந்த பலகையே மிரண்டு வழிவிட்டிருக்கும். ஃபெயில். இரண்டாம் தடவை, "பெல்ட் சரியா மாட்டிருக்கா பாட்டிம்மா?" என்று கேட்டார். அதற்குத்தான் இந்த நடுரோட்டு விசாரணை. காரணமில்லாமல் வண்டியை நிறுத்தியது என்று எழுதி அதையும் ஃபெயிலாக்கினார்.

"காரணம் இல்லையாமே காரணம்! காரணமே அவன்தான், குத்துக்கல்லு மாதிரி பக்கத்துல உட்கார்ந்திருக்கான்" என்று வீட்டுக்கு வந்து அக்கா குதித்தாள். அவள் குதித்ததில் அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டன.

மூன்றாவது தேர்வு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு. கையில் இருந்தது ஒன்பது நாள்.

இதில் என்ன போய்விடப்போகிறது என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். அக்கா ஒரு சலவைக்கூடத்துக்கு வேன் ஓட்டுகிறாள். மூன்று ஆஸ்பத்திரிகளின் அழுக்குப் போர்வை, படுக்கை விரிப்பு, டாக்டர்களின் பச்சை அங்கி எல்லாவற்றையும் மூட்டை மூட்டையாக ஏற்றி வந்து, வெளுத்ததைக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. இருபத்திரண்டு வருஷமாக. அந்த வேன் நுழையும் சத்தத்தை வைத்து ஆஸ்பத்திரியில் கடிகாரம் திருத்துவார்கள் என்பது என் சொந்தச் சேர்க்கை, ஆனால் நம்பலாம். பழைய உரிமம் மாதக் கடைசியோடு முடிகிறது. சலவைக்கூடத்து முதலாளியம்மா நல்ல மாதிரியாகத்தான் சொல்லியிருந்தார்: "லைசென்ஸ் வந்துட்டா வண்டி உங்க கையிலதான். வரலேன்னா என் மருமகன் ஓட்டட்டும். நீங்க உள்ளேயே, மடிக்கிற மேசையில உட்கார்ந்துக்கலாம். ஃபேன் இருக்கு."

"ஃபேன் இருக்காம்டா" என்றாள் அக்கா. "ஒரு இடத்துல உட்கார்ந்து மடிஞ்சு கிடக்க நான் என்ன போர்வையா?"

அப்போதும் அவள் உட்கார்ந்து பேசவில்லை. சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே பேசினாள். நான் அவள் பின்னால் நடந்துகொண்டே கேட்டேன். எங்கள் குடும்பத்தில் கவலை வந்தால் காலுக்குத்தான் வரும்.

எனக்கு இந்தக் கோபம் முதலில் புரியவே இல்லை. காரணம், முன்பின் தெரியாதவர்கள் என்னை என்ன சொல்லிக் கூப்பிட்டாலும் எனக்கு வாயெல்லாம் பல். முப்பத்துநாலு வருஷம் குடிநீர் வாரியத்தில் மீட்டர் பார்த்தவன் நான். குறைந்தது நாலு லட்சம் கதவுகளைத் தட்டியிருப்பேன். கதவுக்குக் கதவு எனக்கு ஒரு பிறப்பு. "தம்பி, செருப்பைக் கழற்றிட்டு வாங்க" என்பார்கள் ஒரு வீட்டில். அடுத்த வீட்டில் "அண்ணே, நாய் கடிக்காது, சும்மா வாங்க" என்பார்கள்; நாய் கடிக்கும். "யோவ் மீட்டரு" என்று மாடியிலிருந்து ஒரு குரல் வரும். "வாங்க சார், உட்காருங்க சார், மோர் குடிக்கிறீங்களா சார்" என்று மூன்று சார் விழுந்தால், மீட்டரில் ஏதோ தில்லுமுல்லு நடந்திருக்கிறது என்று பேசாமல் குனிந்து பார்ப்பேன். ஓய்வு பெற்ற மறுமாதம் பஸ்ஸில் ஒரு பெண், "தாத்தா, உட்காருங்க" என்று எழுந்து இடம் கொடுத்தாள். ஆஹா என்று உட்கார்ந்தவன், அந்தச் சுகத்தில் இரண்டு நிறுத்தம் தள்ளிப்போய் இறங்கி நடந்து வந்தேன்.

"உனக்கென்ன, நீ வெட்கங்கெட்டவன்" என்றாள் அக்கா. "சீட்டு கிடைக்கும்னா கொள்ளுத்தாத்தான்னாலும் பல்லைக் காட்டுவே."

"ஆஸ்பத்திரியில எல்லாரும் உன்னை வண்டிக்கார அக்கான்னுதானே கூப்பிடறாங்க? அதுக்கு மட்டும் கோபம் வரலியே?"

"அவங்க என்னைப் பார்த்துப் பார்த்து, என்கிட்ட திட்டு வாங்கி, அப்புறம் அக்கான்னாங்க. இந்த ஆளு கதவைத் திறந்து உட்கார்ற அரை நிமிஷத்துல பாட்டிங்கறான். அந்த வார்த்தையைக் கேட்டதுமே யாரோ என் தோளைப் பிடிச்சு மூலையில உட்கார வைக்கிற மாதிரி இருக்கு. கை தானா ஸ்டீயரிங்கை விட்டுடுது."

கை ஸ்டீயரிங்கை விடுகிறது. அதுதான் பிரச்சினை. வியாதி தெரிந்துவிட்டதும் எனக்கு ஒரே உற்சாகம். வைத்தியம் என் மூளையில் பளிச்சென்று உதித்தது. தடுப்பூசி! எந்த விஷம் தாக்குகிறதோ அதையே சிறிது சிறிதாக உடம்பில் ஏற்றிவிட்டால் போயிற்று.

மறுநாள் காலையிலிருந்து வேனில் அவள் பக்கத்தில் ஏறிக்கொண்டேன். "கியரை மாத்துங்க பாட்டிம்மா." "இந்தப் பக்கம் ஆட்டோ வருது பாட்டிம்மா." "பாட்டிம்மா, மாத்திரை சாப்பிட்டீங்களா?" முதல் நாள் பாட்டிம்மா ஒன்றுக்கு வேன் ஒரு முழம் விலகியது. மூன்று சைக்கிள்காரர்கள் என் குலத்தையே சபித்தார்கள். ஒரு தடவை அக்கா இடது கையால் என் காதைத் திருகிக்கொண்டே வலது கையால் ஒரு வளைவில் திருப்பினாள். அவ்வளவு அழகான திருப்பலை நான் என் ஆயுளில் பார்த்ததில்லை.

மூன்றாம் நாள் விலகல் ஒரு சாண் ஆனது. ஐந்தாம் நாள் இரண்டு விரல்கடை. ஏழாம் நாள் காலையில் மட்டும் இருநூறு பாட்டிம்மா ஏற்றினேன், ஸ்டீயரிங் அசையவில்லை. அவள் பல்லைக் கடிக்கும் சத்தம் மட்டும் என்ஜின் சத்தத்துக்கு மேல் கேட்டது.

"போதும்டா ரேடியோ" என்றாள். என் வாயை வைத்து ஐந்து வயதிலேயே அவள் எனக்கு வைத்த பெயர் அது. "இப்ப அவன் கொள்ளுப்பாட்டின்னு சொன்னாலும் இண்டிகேட்டர் போட்டுத்தான் திரும்புவேன்."

இங்கேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தினேனா? புதன்கிழமை காலையில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பேப்பரைப் பிரித்தால் எழுத்தெல்லாம் பாட்டிம்மா பாட்டிம்மா என்று ஓடுகிறது. தடுப்பூசி போட்டாலும் சிலருக்குக் காய்ச்சல் வருமே என்று ஒரு நினைப்பு. வாசலில் நின்றேன், உள்ளே வந்தேன், கொடியில் காய்ந்த துணியை எடுத்து மறுபடி அங்கேயே போட்டேன். கடைசியில் சட்டையை மாட்டிக்கொண்டு நேரே தேர்வு அலுவலகத்துக்குப் போய்விட்டேன். அக்காவிடம் சொல்லவில்லை. சொன்னால், "எனக்குச் சலுகை கேட்கப் போனியா?" என்று என்னை அழுக்கு மூட்டையோடு சேர்த்து வெளுக்கப் போட்டுவிடுவாள்.

இன்ஸ்பெக்டரைக் கிட்டத்தில் அன்றுதான் பார்த்தேன். நாற்பது வயது இருக்கும். அவர் ஏறினால் கார் ஒரு பக்கமாகச் சாய்ந்து கும்பிடும், அப்படி ஒரு சரீரம். அந்தச் சரீரத்துக்குள்ளிருந்து தாலாட்டுப் போல ஒரு குரல். மைதானத்தில் வரிசையாக நின்றவர்களை அவர் அழைத்த அழகைக் கேட்டு நான் சொக்கிப்போனேன். "வாம்மா தங்கச்சி, ஹேண்ட்பிரேக்கை எடு." "சித்தி, கண்ணாடியைச் சரி பண்ணிக்குங்க." "அண்ணே, லாரி ஓட்டுற கை இது, காரைக் கொஞ்சம் கருணையோட ஓட்டுங்க." அரை மணி நேரத்தில் அங்கே ஒரு கல்யாண வீடே கூடிவிட்டது. என்னைப் பார்த்ததும், "என்ன பெரியப்பா, உங்களுக்கும் டெஸ்டா?" என்றார். எனக்கு அங்கேயே அவரைத் தத்தெடுத்துக்கொள்ளத் தோன்றியது.

விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது.

"அந்தம்மாவா? ஐயோ பெரியப்பா, நான் என்ன தப்பா சொல்லிட்டேன்? இந்த சீட்டுல உட்கார்றவங்களுக்கு எல்லாம் கை நடுங்கும். ஒரு உறவைச் சொல்லிக் கூப்பிட்டா நடுக்கம் நிக்கும். பதினாறு வருஷமா இப்படித்தான் செய்யறேன். நான் ஏறி உட்கார்ந்ததும் அவங்க கையைப் பார்த்தேன், நடுங்குச்சு. அதான் சொன்னேன்."

"நீங்க சொன்னதுக்கு அப்புறம்தானே நடுங்குச்சு?"

"இல்ல பெரியப்பா. முன்னாடியே."

இது எனக்குப் புதிய செய்தி. அக்காவின் கை எதற்கும் நடுங்கி நான் பார்த்ததில்லை. சுதாரித்துக்கொண்டு, "நாளைக்கு மட்டும் மேடம்னு கூப்பிடுங்களேன்" என்றேன்.

"மேடம்னா எங்க மேலதிகாரி. அந்த வார்த்தை வாயில வந்தாலே நான் எழுந்து நின்னு சல்யூட் அடிச்சிடுவேன். அப்புறம் டெஸ்ட் யாருக்குன்னே தெரியாது."

சரி, பழகிப் பார்ப்போம் என்று நின்றிருந்த காரில் ஏறினோம். நான் அக்காவாக உட்கார்ந்து முறைத்தேன். அவர், "இடது பக்கம் திரும்புங்க..." என்று ஆரம்பித்து, வாயை இறுக மூடி, கழுத்து நரம்பு புடைக்க, கடைசியில் "...பாட்டிம்மா" என்று விட்டுவிட்டார். என்னைப் பார்த்து! மீசை வைத்த என்னை! பத்துத் தடவை முயன்றோம். பத்துத் தடவையும் தும்மல் மாதிரி அது வந்துவிட்டது.

"பெரியப்பா, ஒண்ணு செய்யறேன்" என்றார், வியர்வையைத் துடைத்துக்கொண்டு. "வாயைத் திறந்தாத்தானே வருது? நாளைக்கு வாயே திறக்கல."

எவ்வளவு பெரிய முட்டாள்தனம் இது என்று அப்போது எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. கைகுலுக்கிக்கொண்டோம்.

வியாழக்கிழமை காலை அக்கா நாலு தடவை தலை வாரினாள். நான் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சீப்பு லேசாக ஆடியது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "என்னடா?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

இரண்டாவது தேர்வில் நடந்த ரகளைக்குப் பிறகு, துணைக்கு ஒருவர் பின்சீட்டில் இருக்கட்டும் என்று அலுவலகமே சொல்லியிருந்தது. ஆனால் நிபந்தனை உண்டு: துணைக்கு வந்தவர் ஒரு வார்த்தை பேசினாலும் தேர்வு ரத்து.

"இதைவிட உன் கழுத்தை அறுக்கறேன்னு சொல்லியிருக்கலாம்" என்றாள் அக்கா. "டேய், ரேடியோவை அணைச்சு வை. நீ தொண்டையைக் கனைச்சேன்னு தெரிஞ்சா வீட்டுக்கு வராதே."

நான் கைக்குட்டையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டேன். நிஜமாகவே வைத்துக்கொண்டேன்.

கதவு திறந்தது. கார் கும்பிட்டது. இன்ஸ்பெக்டர் ஏறி உட்கார்ந்தார். அக்கா முதுகை நிமிர்த்தி, தாடையை இறுக்கி, வரப்போகும் அடியை வாங்கத் தயாரானாள். ஏழு நாள் ஊசி போட்ட உடம்பு. வா பார்க்கலாம் என்று காத்திருந்தாள்.

வரவில்லை.

இன்ஸ்பெக்டர் தாளைப் பார்த்தார். பேனா மூடியைத் திறந்தார். முன்னால் விரலை நீட்டினார். கிளம்பு என்று அர்த்தம்.

அக்கா கிளட்சை விட்டாள். கார் நகர்ந்தது. முதல் தெருவில் பேச்சில்லை. இரண்டாம் தெருவிலும் இல்லை. இன்ஸ்பெக்டரின் கன்னம் உப்பிக்கொண்டே போனது. அந்த வார்த்தை உள்ளேயிருந்து முட்டுவது எனக்குப் பின்சீட்டிலிருந்து தெரிந்தது. அக்காவோ நிமிஷத்துக்கு ஒருமுறை ஓரக்கண்ணால் அவரைப் பார்த்தாள். மனிதர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் மனசில் ஓடியது எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்காமலே விளங்கியது: முடிவு பண்ணிவிட்டான். ஃபெயில் என்று எழுதிவிட்டுத்தான் ஏறியிருக்கிறான். இனி இவளோடு என்ன பேச்சு என்று வாயை மூடிக்கொண்டான்.

எனக்குக் கால் ஆட ஆரம்பித்தது. என் கால் ஆட, சீட் ஆட, கார் ஆடியது. இல்லக்கா, இது என் ஏற்பாடு, நீ நல்லாத்தான் ஓட்டறே என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். ஆனால் சொன்னால் தேர்வு ரத்து. கைக்குட்டையைக் கடித்தேன். அதில் பாதி வயிற்றுக்குள் போயிருக்கும்.

நாற்சந்தி வந்தது. நேரே போனால் ஒருவழிப்பாதை. எதிரே 'நுழையாதே' பலகை, பூசணிக்காய் அளவு சிவப்பு வட்டம். இன்ஸ்பெக்டர் மடிக்குக் கீழே இடது கைவிரலை இடப்பக்கம் ஆட்டினார். அக்கா ரோட்டைப் பார்த்து ஓட்டுகிறவள். மடியில் ஆடும் விரல் எப்படித் தெரியும்? கார் நேரே போய்க்கொண்டிருந்தது. இன்ஸ்பெக்டர் விரலை வேகமாக ஆட்டினார். பிறகு முழங்கையை ஆட்டினார். பிறகு தோளையும் ஆட்டினார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஐம்பதடி. முப்பதடி. நான் வாயிலிருந்து கைக்குட்டையை உருவிவிட்டேன். ரத்தானாலும் ஆகட்டும், எதிரே வரும் வண்டியில் மோதாமல் இருக்கட்டும்.

அக்கா கண்ணாடியைப் பார்த்தாள். ஓரம் கட்டி, ஒழுங்காக, கோட்டுக்கு இந்தப்பக்கமே வண்டியை நிறுத்தினாள். ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள். இரண்டு கையும் மறுபடி ஸ்டீயரிங்குக்கே வந்தன. விரல் முட்டிகள் வெளுத்திருந்தன.

"எந்தப் பக்கம் போகணும்?"

இன்ஸ்பெக்டர் இடது பக்கம் விரலைக் காட்டினார்.

"உங்க விரலைப் பார்த்தா ரோட்டை யார் பார்க்கறது? வாயைத் திறந்து சொல்லுங்க. ஃபெயிலாக்கணும்னா ஆக்கிட்டுப் போங்க. அதுக்காக மனுஷியோட பேச மாட்டீங்களா?"

அந்தக் கடைசி வார்த்தையில் அவள் குரல் உடைந்தது. என் அக்காவின் குரல்! நான் பின்சீட்டில் கூனிக் குறுகிப்போனேன்.

இன்ஸ்பெக்டரால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. அணை உடைந்தது. "ஐயோ, ஃபெயிலெல்லாம் இல்ல பாட்டிம்மா, நல்லா ஓட்டறீங்க பாட்டிம்மா, இடது பக்கம் திரும்புங்க பாட்டிம்மா!"

மூன்று! ஒரே மூச்சில் மூன்று! நான் கண்ணை மூடிக்கொண்டேன். கண்ணை மூடிய இருட்டில் ஒரு சத்தம் கேட்டது: டிக், டிக், டிக். இண்டிகேட்டர். கார் இடது பக்கம் வெண்ணெய் மாதிரி திரும்பியது.

அதற்கப்புறம் என்ன, பாட்டிம்மா மழைதான். ரிவர்ஸில் வரச்சொல்லி மூன்று, மேட்டில் நிறுத்தி எடுக்கச் சொல்லி ஐந்து. அக்காவின் கழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு சுற்று சிவந்தது. ஆனால் அவள் எதையும் இடிக்கவில்லை, எங்கும் அநாவசியமாக நிற்கவில்லை. திரும்பி வந்து இரண்டு கோட்டுக்கு நடுவே, ரூலர் வைத்தது போல நிறுத்தினாள். போய்வந்தது இருபது நிமிடம். எனக்கு அதற்குள் இருபது வயது கூடியிருந்தது.

அலுவலக ஜன்னலுக்கு வெளியே மேசை போட்டு ஒரு அம்மாள் சீல் குத்திக்கொண்டிருந்தார். இன்ஸ்பெக்டர் தாளில் எழுதிக் கொடுத்தார். அக்கா கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"பாஸா?"

"பாஸ்."

"சீல்?"

டொக் என்று விழுந்தது.

அக்கா குனிந்து ஊதினாள். "மை காய்ஞ்சுடுச்சா? இனிமே இதை யாரும் மாத்த முடியாதே?"

"முடியாதும்மா" என்றார் சீல் குத்தும் அம்மாள்.

அக்கா உரிமத்தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்து, ஜிப்பை இழுத்து, நிமிர்ந்தாள். "இப்ப நான் பேசலாமா?"

இன்ஸ்பெக்டர் தலையாட்டினார். வரிசையில் நின்ற தங்கச்சி, சித்தி, அண்ணன் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"எனக்குப் பேரன் பேத்தி கிடையாது. பிள்ளை இருந்தாத்தானே பேரன்? கல்யாணமே பண்ணிக்கல. அதுக்காக நான் ஒண்ணும் அழுதுட்டு இல்ல, நல்லாத்தான் இருக்கேன். ஆனா பாட்டிங்கற வேலையை நான் ஒரு நாளும் பார்த்ததில்ல. ஒரு குழந்தைக்குச் சோறு ஊட்டினதில்ல, கதை சொன்னதில்ல. பார்க்காத வேலைக்கு எனக்கு எதுக்குப் பட்டம்? நான் பார்த்த வேலை வண்டி. இருபத்திரண்டு வருஷம். அது பறிபோயிடுமோன்னு ஒவ்வொரு தடவையும் உயிரைக் கையில பிடிச்சுட்டு இந்த சீட்டுல உட்கார்ந்தேன். நீங்க உட்கார்ந்ததும், வண்டியை விட்டுட்டு அந்த இன்னொரு வேலைக்குப் போ போன்னு துரத்தறீங்க."

"உங்களுக்குப் பயம் போகணும்னுதான் சொன்னேன்" என்றார் இன்ஸ்பெக்டர். "நேத்து உங்க தம்பி வந்து விவரம் சொன்னப்புறம்தான் எனக்கே..."

அக்காவின் கண் என் பக்கம் திரும்பியது. நான் கொடிக்கம்பத்தின் பின்னால் போனேன். கம்பம் ஒல்லி.

"சரி" என்றார் அவர், நிஜமாகவே கவலையோடு. "அப்ப உங்களை என்ன சொல்லித்தான் கூப்பிடறது? மேடம்?"

"நான் என்ன பள்ளிக்கூடமா நடத்தறேன்?"

"அம்மா?"

"அதுவும் பார்க்காத வேலைதான்."

"அக்கா?"

"அது என்னைத் தெரிஞ்சவங்களுக்கு."

"பேரு சொல்லி?"

"பேரா!" அக்கா திடுக்கிட்டாள். "முன்னப்பின்ன தெரியாத ஆளு, என் பேரைச் சொல்லிக் கூப்பிடறதா? மரியாதைன்னு ஒண்ணு வேண்டாமா?"

"ஒண்ணுமே சொல்லாம இருந்தா?"

"அதைத்தான் இன்னைக்குப் பார்த்தேனே. பிணத்தை ஏத்திட்டுப் போற மாதிரி இருந்தது."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. அவள் யோசித்தாள். நிஜமாக யோசித்தாள், நெற்றி சுருங்கி, உதடு அசைந்து, ஒரு வார்த்தையை எடுத்து, பார்த்து, கீழே போட்டு, அடுத்ததை எடுத்து. இத்தனை கோபத்துக்குப் பின்னால் ஒரு பதில் தயாராக இருக்கும் என்று அவளே நினைத்திருந்தாள் போல. இல்லை என்று தெரிந்ததும் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றாள்.

"அடுத்த டெஸ்ட் எப்போ?" என்று கேட்டாள் கடைசியில்.

"அஞ்சு வருஷம் கழிச்சு."

"அதுக்குள்ள யோசிச்சு வைக்கிறேன்."

வேனில் ஏறினோம். நான் காதை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். திருக வந்தால் தயாராக இருக்கட்டுமே. ஆனால் அவள் கவனம் என் காதில் இல்லை. ஸ்டீயரிங்கில் விரலால் தட்டிக்கொண்டே என்னவோ முணுமுணுத்தாள். "டிரைவரம்மா... சீ. அதுலயும் அம்மா." ஒரு தெரு. "பெரியவங்களே... இதுக்குப் பாட்டியே பரவாயில்ல." இன்னொரு தெரு. பின்னால் வெளுத்த போர்வைகளின் சோப்பு வாசனை. "என்னங்க... கட்டின புருஷனைக் கூப்பிடற மாதிரி இருக்கு."

சிக்னலில் நின்றோம். பச்சை விழுந்தது. அக்கா இன்னும் வார்த்தைகளைப் புரட்டிக்கொண்டிருந்தாள். பின்னால் ஒரு லாரி, பூமி அதிரும்படி ஹாரன் அடித்தது.

அக்கா நிமிர்ந்தாள். கண்ணாடியில் லாரியைப் பார்த்தாள். முகம் மெல்ல மலர்ந்தது.

"கேட்டியாடா, கூப்பிட்டதை? வயசு கேட்கல, கல்யாணம் ஆச்சான்னு கேட்கல, நேரா விஷயத்துக்கு வந்துட்டான்."

பதிலுக்கு இரண்டு ஹாரன் அடித்துவிட்டு, கியரைப் போட்டு, முதல் ஆஸ்பத்திரிப் பக்கம் திருப்பினாள்.